விரதம் பிடித்துப் பெருத்த உடம்பு

நீர்வேலியில் எங்களுக்குப் புகையிலைத் தோட்டம். கிணற்றுத் துலாவில்தான் இறைப்பு. நான் துலா மரத்தின் மேலே ஏறி, முன்னும் பின்னும் நடந்து மிதிப்பேன். மனைவியின் தம்பி கிணற்றடியில் நின்று தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடிப்பான். ஒரு நாள் என் தோட்டம், மறுநாள் அவன் தோட்டம்.

ஒரு வருஷம் துலாவிலிருந்து விழுந்து கால் முறிந்தது. மாதக்கணக்காகப் படுக்கை. கால் பொருந்திவிட்டது. ஆனால் படுத்தபடியே தின்றதில் உடம்பு வைத்துவிட்டது. வேலிவரை நடந்தாலே மூச்சு வாங்கும்.

மச்சான் வந்து பார்த்தான்.

"அத்தான், நீங்கள் துலாவிலை ஒரு அடி பின்னுக்கு வைச்சால் பட்டையோடை நானும் மேலை போவன்."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"தை பிறந்தும் ஏறாட்டி நான் வேறை சோடி பாக்கோணும். என்ரை கண்டும் வாடக் கூடாது."

அவன் போனால் எங்கள் புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இல்லை. அன்றே டொக்டரிடம் போனேன். எங்கள் வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் அவர்தான். வேதக்காரர், கிறிஸ்தவர். நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். தராசில் ஏற்றினார்.

"உந்தப் பாரத்தோடை ஏறினால் கால் திரும்ப முறியும். மெலிஞ்சு போட்டு ஏறும். நீர் விரதம் பிடிக்கிறனீரோ?"

"ஓம் ஐயா, வெள்ளிக்கிழமையிலை."

"இனி ஒவ்வொரு நாளும் பிடியும்."

பிடித்தேன். மனைவி மீன் படாத வேறு சட்டி எடுத்தாள். காலையில் ஒன்றும் இல்லை. மத்தியானம் தலைவாழை இலை. சோறு, நெய் விட்ட பருப்பு, பூசணிக்காய்ப் பால்க்கறி, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம். கடைசியில் தயிரும் இதரை வாழைப்பழமும். இரவு பாலும் பழமும். மீன் வாசமே வீட்டில் இல்லை. எனக்கு மீன் இல்லாமல் இருப்பது பெரிய பாடு. இருந்தேன்.

மாதம் முடியத் திரும்பவும் தராசில் ஏறினேன். டொக்டர் முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கூடிக் கிடக்கு. களவாய்ச் சாப்பிட்டனீர்."

"சத்தியமாய் இல்லை ஐயா. மீன் மச்சம் ஒண்டும் தொடேல்லை."

"மச்சத்தை ஆர் கேட்டது? என்ன சாப்பிட்டனீர்?"

சொன்னேன். பாயாசம் வரவே கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உதுவோ விரதம்? எங்கடை ஆக்களுக்கு விரதமெண்டால் பட்டினியடாப்பா!"

"எங்களுக்கு மச்சம் இல்லாட்டி விரதம், ஐயா."

வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டு, நெய்யும் பாயாசமும் தேங்காய்ப்பாலும் கூடாது என்றார். ஒரு நேரத்துக்கு, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியில் பாதி, அதுவும் குரக்கன் மாப் பிட்டு. கீரை. சின்ன மீனில் புளிக்கறி. காலையும் மாலையும் நடை.

மீன் என்றதும் எனக்குச் சந்தோஷம். பாதிப் பெட்டி என்றதும் போய்விட்டது.

மனைவிக்குப் பிடிக்கவில்லை. "பாதிப் பெட்டிப் பிட்டோ? இஞ்சாருங்கோ, நான் காகத்துக்கே உதிலும் கூட வைக்கிறனான்."

"காகம் துலா மிதிக்கிறேல்லை," என்றேன்.

பசித்தது. பொறுத்தேன். பசி கூடிய நேரம் எழும்பி நடந்தேன். முதலில் வேலிவரை. பிறகு சந்திவரை. மார்கழி மழைக்குள்ளும் நடந்தேன். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கியது. தை பிறக்க டொக்டர் தராசில் ஏற்றி, "இனி ஏறும்," என்றார்.

அடுத்த நாள் விடியத் தோட்டத்துக்குப் போனேன். மச்சான் பட்டையோடு நின்றான். துலாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மெய்யாய் ஏறப் போறியளோ, அத்தான்?"

"பட்டையைப் பிடி."

ஏறினேன். முறிந்த காலை மெல்ல ஊன்றினேன். மற்றக் காலை முன்னே வைத்தேன். துலா சாய்ந்தது. பட்டை கிணற்றுக்குள் போய் நிறைந்தது. பின்னுக்கு நடந்தேன். மேலே வந்தது. மச்சான் வாய்க்காலில் ஊற்றினான்.

"வேறை சோடி பாக்கேல்லையோ?" என்று மேலே நின்று கேட்டேன்.

"கதையாமல் மிதியுங்கோ. நாளைக்கு என்ரை தோட்டம்."

வெயில் ஏறுமுன் கன்றெல்லாம் நனைந்துவிட்டது. வீட்டில் மனைவி முழுப் பெட்டிப் பிட்டு அவித்து வைத்திருந்தாள். பாதியைத் தின்றேன். மீதியைக் கூட வந்த மச்சான் பக்கம் தள்ளினேன்.