சண்டைக்கு ஒரு காகிதம், படகுக்கு ஒரு காகிதம்

செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் யாரோ விபத்துப் படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நசுங்கிய பம்பர், இடிந்த மதில். நடுவே, தனசேகர் விடியற்காலையில் இறந்துவிட்டதாக ஒரு வரி. அதையும் விரலால் தள்ளிவிட்டு, இரண்டு படம் தாண்டிய பிறகுதான் திரும்பி வந்து படித்தேன். அதற்காக இன்னும் என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்களில் அவரை அறிந்தவர்களுக்கு அவர் வேலையை விளக்க வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடலூரில் எங்கள் இன்சூரன்ஸ் அலுவலகத்தின் கிளைம் பிரிவில் அவரும் நானும் எதிரெதிர் மேசை. நஷ்டப்பட்டவருக்கு நாங்கள் ஈடு கொடுத்துவிட்டு, நஷ்டத்துக்குக் காரணமானவரிடம் அந்தப் பணத்தைக் கேட்கும் உரிமையை நஷ்டப்பட்டவரிடமிருந்து எழுதி வாங்கிக்கொள்வோம். அதில் தனசேகரை மிஞ்ச ஆளில்லை. சிதம்பரத்திலிருந்து வந்த அவர் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புகழ்ந்தே பேசினால் அவரே நம்பமாட்டார்.

அண்ணாமலை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடை எரிந்தபோது நானும் போயிருந்தேன். நான் கருகிய மெஷின்களைப் படமெடுக்க, அவர் பக்கத்து பேக்கரியில் டீ சொல்லிவிட்டு ஜெராக்ஸ் கடையை ஒட்டிய அதன் சுவரைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது.

"எரிஞ்ச பக்கம் நின்னா எவ்ளோ போச்சுன்னு தெரியும் மேடம். எப்படிப் போச்சுன்னு இந்தப் பக்கம் நின்னாத்தான் தெரியும்" என்றார்.

பேக்கரி அடுப்பின் புகைக்குழாய் அந்தச் சுவரை ஒட்டித்தான் போனது. படத்தின் மூலையில் வழக்கம்போல் அவர் கட்டைவிரலும் விழுந்திருந்தது.

பரங்கிப்பேட்டைப் பக்கத்து மீனவர் செல்வமணியின் விஷயத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கரையில் கிடந்த அவருடைய ஃபைபர் படகை ஒரு ஐஸ் லாரி ரிவர்ஸில் வந்து பிளந்துவிட்டது. லாரிக்காரர் அவருடைய சொந்த மச்சான். இரண்டு குடும்பமும் கைகலக்க, ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. இனி ஒருவர்மேல் ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கியது. அந்தக் காகிதத்தையும் செல்வமணி கிளைம் விண்ணப்பத்தோடு ஒழுங்காக இணைத்து அனுப்பினார். சமாதானமானது தெரிந்தால் ஆபீஸ் சந்தோஷப்படும் என்று நினைத்திருப்பார்.

இடித்தவரிடம் கேட்கும் உரிமையை அவரே விட்டுக்கொடுத்த பிறகு நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது? 'நிராகரிக்கலாம்' என்று குறிப்பெழுதினேன். விதிப்படி அது சரிதான். படகு இல்லாவிட்டால் அவர் வீட்டில் உலை வைக்க வேறு வழியில்லை என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

தனசேகர் என்னிடம் வாதாடவில்லை, அந்த ஊருக்கு அழைத்துப் போனார். காகிதம் எதற்காக எழுதப்பட்டது என்று பஞ்சாயத்தார் ஒவ்வொருவரிடமும் கேட்டார். அடிதடிக்காகத்தான், படகைப் பற்றி அன்று பேசவே இல்லை என்றார்கள். லாரிக்கும் இன்சூரன்ஸ் இருப்பதாக மச்சான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சண்டைக்கு ஒரு காயிதம், படகுக்கு ஒரு காயிதம். ரெண்டையும் ஒண்ணா எழுதிட்டீங்க, அவ்ளோதான்" என்றார் தனசேகர்.

முதல் காகிதம் அடிதடிக்கு மட்டுமே என்று அங்கேயே எழுதி, மச்சான் உட்பட அனைவரும் கையெழுத்திட்டார்கள். செல்வமணிக்கு ஈடு கிடைத்தது. லாரியின் இன்சூரன்ஸிலிருந்து எங்களுக்கும் அந்தப் பணம் வந்து சேர்ந்தது. அன்று திரும்பும்போது அவர் என்னை ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். மனிதர் பஸ்ஸில் நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தார்.

சிதம்பரத்தில் அவருக்கு மாலை போடப் போனபோது, செல்வமணியும் மச்சானும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள்.

"அன்னிக்கி சாரு ஊருக்கு வரலன்னா நாங்க ரெண்டு பேரும் இன்னிக்கி ஒண்ணா வந்திருக்க மாட்டோம்மா" என்றார் செல்வமணி. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தனசேகரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு தயக்கம்தான். நேற்று ஒரு கோப்பில் 'நிராகரிக்கலாம்' என்று எழுதி முடித்துவிட்டேன். கையெழுத்துப் போட மட்டும் கை வரவில்லை. விண்ணப்பித்தவர் வீட்டுக்கு போன் செய்து, நாளைக்கு நேரில் வருகிறேன் என்று சொன்னேன்.