பூஜைக்குப் பிறகு கம்ப்யூட்டர் மறந்த எண்

1. திங்கட்கிழமை காலை

போன வருஷம், 1991 ஆயுத பூஜை விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டேன். வழக்கம்போல மெமரியை எண்ணியது. டிக் டிக் என்று எண்கள் ஏறி நின்றன. அடுத்து டிஸ்க் சுழன்று, மெஷினை ஓட்டும் டாஸ் புரோகிராம் வர வேண்டும். வரவில்லை. ஒரு பீப். திரையில் சில வரிகள்: பேட்டரி இறங்கிவிட்டது, உள்ளமைப்பு விவரம் அழிந்துவிட்டது, ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை. தேதியை 1980 ஜனவரி ஒன்று என்று காட்டியது. அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகள் 1980-ல் பள்ளியிலேயே சேர்ந்திருக்கவில்லை.

நம் ஃபவுண்டரியில் ஒவ்வொரு தடவையும் உலையிலிருந்து இறக்கும் உலோகக் குழம்புக்கு ஒரு ஹீட் நம்பர் உண்டு. அந்த ஹீட்டின் டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் வார்த்த காஸ்டிங் ஒன்றுகூட கேட்டைத் தாண்டாது. ஏப்ரல் வரை அதை ரெஜிஸ்டரில் கையால் எழுதினோம். "இனிமே ரெஜிஸ்டர் எதுக்கு சார்?" என்று ஒர்க்ஸ் மேனேஜரிடம் சொல்லி நிறுத்தியவள் நான். அன்று மூன்று மணிக்குப் பம்ப் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. அவர் கேட்கப்போகும் ஆறு மாத ரிப்போர்ட்டும் அந்தப் பெட்டிக்குள்.

ஒர்க்ஸ் மேனேஜர் வரதராஜன் வந்து திரையைப் பார்த்தார்.

"ஏம்மா ருக்மணி, ரெஜிஸ்டர் வேணாம்னு சொன்னது யாரு?"

"நான்தான் சார்."

"மூணு மணிக்கு ரிப்போர்ட் டேபிள்ல இருக்கணும். இல்லேன்னா கம்ப்யூட்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாளையிலேருந்து கும்மிடிப்பூண்டி குடோன்ல போய் ஸ்டாக் எழுது."

என் வீடு இருக்கும் மணிமங்கலத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு எத்தனை பஸ் மாற வேண்டும்? மார்ச்சில் பரீட்சை எழுதப்போகும் பெண்ணுக்குக் காலையில் யார் சாப்பாடு கட்டிக் கொடுப்பார்கள்? நான் அங்கேயே இதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

2. பயாஸ் என்கிற வாட்ச்மேன்

நீங்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்பதால் கொஞ்சம் விவரம் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் பயாஸ் என்று ஒரு சிப் இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டதும் முதலில் கண் விழிப்பது அதுதான். மெமரியை எண்ணும், கீபோர்டு இருக்கிறதா என்று பார்க்கும், பிறகு டிஸ்க்கைத் தேடி வேலையை ஒப்படைக்கும்.

நம்மிடம் முதலில் இருந்த எக்ஸ்டி மெஷினில் எத்தனை ஃப்ளாப்பி, எவ்வளவு மெமரி என்பதை எல்லாம் போர்டில் இருக்கும் குட்டி ஸ்விட்சுகளை நகர்த்திச் சொல்ல வேண்டும். தேதியும் நேரமும் தினமும் காலையில் நாம்தான் அடிப்போம். அடுத்து வந்த ஏடி மெஷின் எல்லாவற்றையும் தானே ஞாபகம் வைத்துக்கொள்ளும். அந்த ஞாபகம் போர்டில் ஒட்டிய ஒரு சின்ன நீல பேட்டரியில் ஓடுகிறது. மெஷின் ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஆகும். பூஜைக்காக மெயினை இறக்கி நாலு நாள் போட்டதில், ஏற்கெனவே வலுவிழந்திருந்த பேட்டரி தீர்ந்துபோனது.

ஹார்ட் டிஸ்க் எப்படிப்பட்டது என்று பயாஸுக்குத் தானாகத் தெரியாது. அதற்குள் ஒன்றிலிருந்து நாற்பத்தேழு வரை ஒரு பட்டியல் உண்டு. நம் டிஸ்க் எந்த எண் என்று நாம் சொல்ல வேண்டும். மெட்ராஸ் சர்வீஸ் இன்ஜினியர் டொமினிக் அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் முகப்பில் ஒட்டியிருந்தார்.

சீட்டு இருந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் இருந்தன.

எலக்ட்ரீஷியன் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன்.

"இங்க ஒரு பேப்பர் ஒட்டியிருந்துச்சே, ஏகாம்பரம்?"

"அதுவா மேடம்? அழுக்கேறிக் கீது, சாமி கும்புட சொல்லோ இன்னாத்துக்குன்னு ஈரத்துணி போட்டு சொரண்டிட்டேன். சோக்கா ஆயிடுச்சு பாத்தீங்களா?"

திட்ட வாயெடுத்தேன். அதற்குள் பேக்கப் ஃப்ளாப்பிகள் ஞாபகம் வந்தது. பக்கத்துப் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அங்கே போட்டு எடுத்துவிடலாம் என்று ஃப்ளாப்பி டப்பாவைத் திறந்தேன்.

ஏழு ஃப்ளாப்பி. ஏழிலும் பொட்டு. கணக்கு நோட்டுக்கு வைப்பதுபோல, நான்தான், என் கையால்தான், ஒவ்வொன்றாக வைத்திருந்தேன். ஃப்ளாப்பியில் காந்தத் தகடு வெளியே தெரியும் நீளத் துளை ஒன்று இருக்குமே, சரியாக அதன்மேல். சந்தனம் காய்ந்து பாளம் பாளமாக இருந்தது. இனி எந்த மெஷினும் அவற்றைப் படிக்காது.

ஏகாம்பரம் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மேடம், நான் மேல தொடச்சேன். நீங்க உள்ளயே அபிஷேகம் பண்ணிட்டீங்களே!"

3. நேம் பிளேட்

மெட்ராஸுக்கு போன் கிடைக்கப் பதினொன்றாகிவிட்டது.

"எழுதி ஒட்டினேனே மேடம்!" என்றார் டொமினிக்.

"துடைச்சிட்டாங்க சார். ஒவ்வொரு நம்பரா போட்டுப் பாக்கட்டுமா?"

"ஐயோ, கண்ட நம்பரப் போட்டு ஏதாவது எழுதிடுச்சுன்னா டேட்டா காலி. வியாழக்கிழமை வரேன், எதையும் தொடாதீங்க. சீல உடைச்சிங்கன்னா வாரண்டி போயிடும், சொல்லிட்டேன்."

வியாழக்கிழமைக்குள் நான் கும்மிடிப்பூண்டியில் இருப்பேன். வேறு வழி தெரியாமல் டெல் கீயை அமுக்கி செட்டப் திரையைத் திறந்து, நாற்பத்தேழு எண்களையும் சும்மா ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே சிலிண்டர் இத்தனை, ஹெட் இத்தனை, செக்டார் இத்தனை என்று இருந்தது. நம் டிஸ்க் நாற்பது எம்பி என்று மட்டும் தெரியும்; அந்த அளவிலேயே ஒன்றுக்கு மேல் இருந்தன.

பின்னால் நின்றுகொண்டிருந்த ஏகாம்பரம் கேட்டான்: "இது இன்னா மேடம், மோட்டாருக்கு ஹெச்பி, ஆர்பிஎம் போட்ட மாரி கீது?"

"அது மாதிரிதான்."

"அப்போ அந்த டிஸ்க்கு மேலயும் நேம் பிளேட் இருக்கும் இல்ல? மோட்டார் செய்றவன் போடுறான், இவன் போடாமயா வுட்டிருப்பான்?"

அதைப் பார்க்கப் பெட்டியைத் திறக்க வேண்டும்; திறந்தால் சீல் உடையும். பெட்டியின் பின்பக்கம் காகித சீல் பளபளவென்று இருந்தது. கம்ப்யூட்டரின் லாக் புக்கை எடுத்தேன். 'சீலை உடைத்தது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"மெயின் ஆஃப், பிளக்கையும் புடுங்கியாச்சு. தெறக்கட்டா மேடம்?"

"திற."

டார்ச் அடித்துப் பார்த்தோம். டிஸ்க்கின் முதுகில் ஒரு வெள்ளை லேபிள். சிலிண்டர் 977, ஹெட் 5, செக்டார் 17. ஏகாம்பரம் சத்தமாகப் படித்தான், நான் எழுதினேன். மறுபடி அவனை ஒருமுறை படிக்கச் சொன்னேன். மூடிவிட்டு செட்டப்பில் தேடினோம். 977 இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்றில் ஏழு ஹெட், இன்னொன்றில் ஐந்து. அவசரத்தில் ஏழில் நிறுத்தி எண்டர் தட்டப்போனேன்.

"மேடம், அஞ்சு! அஞ்சு!" என்று ஏகாம்பரம் என் கையையே பிடித்துவிட்டான்.

டைப் 17. சேமித்து வெளியே வந்தேன். மெமரி எண்ணியது. அந்த எண்கள் அவ்வளவு நிதானமாக ஏறி நான் பார்த்ததில்லை. ஒரு பீப். டிஸ்க் விளக்கு சிமிட்டியது. டாஸ் வந்து நின்றது.

அதற்குப் பிறகு பிரின்டர் போட்ட இரைச்சல், எனக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது. மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தபோது ரிப்போர்ட் மேஜையில் இருந்தது. அவர் புரட்டிக்கொண்டே பெட்டியைப் பார்த்து, "கம்ப்யூட்டருக்குக்கூட பொட்டா?" என்றார். மேனேஜர் வாய் நிறையச் சிரித்து, "எங்க ஸ்டாஃப் எல்லாம் ரொம்ப பக்தி சார்" என்றார்.

இன்ஸ்பெக்டர் போன பிறகு மேனேஜர் லாக் புக்கைப் படித்தார். "கேக்காம சீல உடைச்சிருக்கே."

"ஆமா சார்."

"கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்." லாக் புக்கை மூடினார். "சரி, அந்த நம்பர எங்கயாவது அழியாத மாதிரி எழுதி வை. ரெஜிஸ்டரும் நாளையிலேருந்து எழுது, ரெண்டும் இருக்கட்டும்."

மேஜையில் ஸ்க்ரூ போட்டு முடுக்கிய அலுமினியத் தகடு எதற்கு என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களே, அது மறுநாள் ஏகாம்பரம் எழுத்து பதிக்கும் லெட்டர் பஞ்ச் வைத்து அடித்துக் கொண்டுவந்தது. 977, 5, 17, டைப் 17. ஈரத்துணி போட்டுத் துடைத்தாலும் போகாது. காலையில் மெமரி எண்ணி முடியும்வரை என் விரல் இன்னும் அதன் மேல்தான் இருக்கிறது.

நான் கற்றது இதுதான். மெஷின் ஞாபகம் வைத்திருக்கிறதே என்று நாம் மறக்கக்கூடாது. புதிய மெஷின் எது வந்தாலும் முதல் நாளே செட்டப் திரையைப் பார்த்துக் கையால் எழுதி வையுங்கள். ஆயுத பூஜை அடுத்த வாரம் வருகிறது. ஃப்ளாப்பிகளை எடுத்து என் வீட்டு பீரோவில் பூட்டிவிட்டேன். பொட்டு வைக்கத்தான் வேண்டும் என்பவர்கள் தகட்டுக்கு வையுங்கள். முதல் பொட்டு ஏகாம்பரம் வைப்பதாகப் பேசிவைத்திருக்கிறோம்.