அட்டை கடித்த மலையில் ஒரு ஜெர்மன் கேள்வி

காலை 7.40. இலங்கை மலையகத்தின் ஹட்டன் ரயில் நிலையத்துக்கு எதிரே சுற்றுலா வேனில் ஏறினேன். ஓர் இருக்கைக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். நோட்டன் பிரிட்ஜ் போய் மாலையில் திரும்பலாம். திருச்சிக்காரனுக்கு இந்தக் குளிர் அநியாயம். மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பின்வரிசையில் ஒரு ஜெர்மன் தம்பதி. வழிகாட்டி ஜெனிட்டா தேயிலைத் தோட்டத்துப் பெண், கொழும்பில் ஜெர்மன் படித்தவள். தனியாக விருந்தினரை அழைத்துப் போவது அவளுக்கு அன்றுதான் முதல் தடவை.

அந்த ஜெர்மன் அம்மாவுக்கு ஒரு பழக்கம். யாரைப் பார்த்தாலும் சிரித்துக்கொண்டே, "மாக்ட்ஸ் ஷ்பாஸ்?" என்பார். டிரைவரிடம் கேட்டார், வழியில் வடை விற்றவரிடம் கேட்டார், என்னிடமும் கேட்டார். நான் திருதிருவென்று விழித்தேன்.

"ஜாலியா இருக்கான்னு சும்மா கேக்குறாங்க சார். பெருசா ஒண்ணுமில்ல," என்றாள் ஜெனிட்டா.

பல் தந்தியடிக்க, "ரொம்ப ஜாலி" என்றேன்.

பதினோரு கிலோமீட்டர் போனதும் என் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னாள்: "சார், அடுத்து நிக்கப்போற மலையில எங்க அம்மா கொழுந்து எடுக்குறாங்க. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. இடுப்புல படங்குச் சாக்கு கட்டிக்கிட்டு நிக்கிறவ மகள்னு தெரிஞ்சா வெள்ளக்காரங்க மதிக்க மாட்டாங்களாம், வேலை போயிருமாம். நீங்களும் எதுவும் கேட்டுறாதீங்க."

தலையாட்டினேன்.

9.15. தூறலில் இறங்கினோம். "அக்கா, கொஞ்சம் நில்லுங்க, படம் எடுக்கணுமாம்," என்று ஜெனிட்டா ஒரு பெண்ணைக் கூப்பிட்டாள்.

"சரிங்க மிஸ்," என்று அவர் நின்றார். அதே மூக்கு, அதே தாடை. கண்ணிருக்கிற எவனுக்கும் தெரிந்துவிடும்.

ஜெர்மன் அம்மா வழக்கம்போலச் சிரித்தபடி, "மாக்ட்ஸ் ஷ்பாஸ்?" என்றார்.

வடைக்காரருக்குப் பட்டென்று மொழிபெயர்த்தவள் இப்போது காலணி நுனியால் மண்ணைக் கிளறினாள். கடைசியில் தரையைப் பார்த்தபடி, "வேலை... சந்தோசமா இருக்காக்கா?" என்றாள்.

ஜெனிட்டாவின் அம்மா தலையில் மாட்டிய கூடைக் கயிற்றைச் சரிசெய்தார். "மழையில நனையுறதுல என்னாங்க சந்தோசம்? ஆனா இத்தன வருசத்துல தோட்டத்து தொர கேட்டதில்ல, மேற்பார்வை பாக்குற கண்டாக்கு கேட்டதில்ல. கேட்டது நல்லாருக்குன்னு சொல்லுங்க மிஸ்."

ஜெனிட்டா ஜெர்மனில் ஆரம்பித்தாள். பாதியில் அம்மாவின் கண் அவள் காலில் விழுந்தது. வெள்ளைக் காலுறை சிவந்திருந்தது.

"அடியே பாப்பா! அட்ட கடிச்சு ரெத்தம் ஊத்துது, மரம் மாதிரி நிக்கிற!"

கூடையைக் கழற்றிப் போட்டு மண்டியிட்டார். மடியிலிருந்த உப்பு முடிச்சை அவிழ்த்து அட்டைமேல் அப்பினார். "காலையில சாப்புட்டியா, வெறும் வயித்தோட வந்தியா?" என்று கேட்டவரின் கை அப்படியே நின்றது. சத்தியம் வாங்கியவரே போட்டு உடைத்துவிட்டார்.

ஜெனிட்டாவும் குனிந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டு ஜெர்மனில் ஏதோ சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "எங்க அம்மா சார்," என்றாள். எனக்குத் தெரியாதா என்ன! ஜெர்மன் அம்மா உப்பு ஒட்டிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார், வெகுநேரம் விடவில்லை. அவர் கணவர் கேமராவை உறைக்குள் வைத்துவிட்டார்.

10.05. வேன் கிளம்பியது. தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல்: "பாப்பா! மாக்ட்ஸ் ஷ்பாஸ்?"

ஜெனிட்டா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஆமாம்மா! ரொம்ப!" என்று கத்தினாள். உட்கார்ந்ததும் அழுதுவிட்டாள்.

மாலை 5.30, ஹட்டன் நடைமேடை. திருச்சியில் துணிக்கடையில் நின்றபடியே இருபது வருஷம் வேலை பார்க்கிறாள் என் மனைவி. சாப்பிட்டியா என்று தினமும் கேட்பேன், வேலையைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. போன் போட்டு, "வேலை சந்தோஷமா இருக்கா?" என்றேன்.

கடைக்கு வெளியே வந்துவிட்டாள் போல, ஹாரன் சத்தம் கேட்டது. அப்புறம், "ஏங்க, அங்க ரொம்பக் குளிரா?" என்றாள்.

ரயில் வரும்வரை அவள் போனை வைக்கவில்லை.