சத்தம் போடாத மெஷின்

புல் வெட்டும் பெட்ரோல் மெஷின்களை விற்றுவிட்டு, போன மாதம்தான் பேட்டரிக்கு மாறினேன். நம்ம செடி நர்சரிக் கூரையிலுள்ள சோலாரில்தான் சார்ஜ் ஏறுகிறது.

இன்று காலை டெல்லி மயூர் விஹாரில் ஒரு அடுக்குமாடி சொசைட்டியில் வேலை. புல்லை வெட்டி முடித்து, உதிர்ந்த இலைகளை உரக்குழியில் போட்டாயிற்று.

செயலாளர் சார் மாஸ்க் மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். நம்ம ஊர்க்காரர்தான்.

"என்ன தம்பி, இன்னிக்கு வேலையே நடக்கல? சத்தமே கேக்கலியே!"

"சார், நீங்க நிக்கிறதே இப்ப வெட்டின புல்லு மேலதான்."

குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அச்சா, அச்சா. ஆனா சத்தம் கேட்டாத்தானே வேலை நடக்குதுன்னு வீட்டுக்காரங்களுக்குத் தெரியும்? அடுத்த தடவை பழைய மெஷினையே கொண்டு வாங்க. அந்த இலையையும் ஜல்தி கொளுத்திடுங்க, பாக்க அசிங்கமா இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்குப் பின்னால் நோட்டீஸ் போர்டில் அவரே கையெழுத்துப் போட்டு ஒட்டிய காகிதம்: 'காற்று மோசம். குழந்தைகளை வெளியே விடாதீர்கள்.'

இலையைக் கொளுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பழைய மெஷினின் சத்தம் யார் போனிலாவது இருந்தால் அனுப்புங்கள். அடுத்த வாரம் அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெட்டுகிறேன்.