அரை நிமிஷ ரோஸ்

கெமிஸ்ட்ரி வாத்தியார் வேலை என்பது, ஒரே ஒரு சொட்டுக்காக வருஷம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துவது. பியூரெட்டை அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்ட உங்களுக்கு, எண்பதுகளில் ஏற்காட்டுப் பள்ளியில் நான் பட்ட பாடு புரியும்.

பீட்ரூட் சாறு

செம்மநத்தத்துப் பூங்கொடி ப்ளஸ் டூ மாணவி. பாஸானால் சேலத்தில் நர்ஸ் படிப்பு, ஃபெயிலானால் காப்பித் தோட்டம் என்று அவள் அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார்.

குடுவையில் அமிலம், அதில் இரண்டு சொட்டு பினாப்தலீன் என்ற நிறங்காட்டி. மேலே பியூரெட் என்ற நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து காரம் சொட்டாக இறங்கும். அமிலம் தீரும்வரை பினாப்தலீன் நிறமே காட்டாது. தீர்ந்ததும் அடுத்த சொட்டிலேயே லேசாக ரோஸ் வரும், அங்கே நிறுத்த வேண்டும். பூங்கொடியோ குடுவை பீட்ரூட் சாறாகும்வரை விடுவாள். ஏன் கண்ணு என்று கேட்டால், "இன்னுங் கொஞ்சம் ஊத்துனா நொம்ப நல்லாத் தெரியுமேன்னு பாத்தேனுங்க சார்."

ஜன்னலில் மூடுபனி

நிறம் தெரிவதற்காகக் குடுவைக்கு அடியில் வைக்கும் வெள்ளை ஓடுகளெல்லாம் உடைந்துபோயிருந்தன. எங்களுக்கென்ன, ஜன்னல் நிறைய மூடுபனி இருந்தது. அதற்கு நேரே பிடித்தால் எவ்வளவு வெளிறிய ரோஸும் தெரியும். பூங்கொடி அப்படித்தான் சரியான சொட்டில் நிறுத்தப் பழகினாள்.

ஒருநாள் அவள் நிறுத்திவைத்த குடுவை சற்று நேரத்தில் வெளுத்துவிட, அழுதேவிட்டாள். எனக்கே மனசு கேட்கவில்லை. காற்றிலிருக்கும் கரியமில வாயு கரைந்து மறுபடி கொஞ்சம் அமிலமாகிறது, அரை நிமிஷம் நிறம் நின்றால் போதும் என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள், "அப்போ காத்துலயும் புளிப்பு இருக்குங்களா சார்?"

பாழாய்ப்போன வெயில்

செய்முறைத் தேர்வன்று பளீரென்று வெயில். ஜன்னலில் பனியைக் காணோம், ஒரே பச்சை மலை. பச்சைக்கு எதிரே ரோஸ் எங்கே தெரியும்? பூங்கொடி குடுவையோடு விழித்தாள். நான் வாய் திறக்கக்கூடாது. சட்டென்று யூனிஃபார்மின் வெள்ளைத் தாவணி முனையைக் குடுவைக்கு அடியில் விரித்தாள். சொட்டுச் சொட்டாக விட்டு, ஓரிடத்தில் நிறுத்தினாள்.

சேலத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் அவள் மேஜைக்கு வருவதற்குள் குடுவை வெளுத்திருந்தது. "நிறத்தையே காணோமேம்மா?" என்றார்.

பூங்கொடி அழவில்லை. "வந்துச்சுங்க சார். அரை நிமிசம் நின்னுச்சு. அப்பறம் காத்துப் பட்டு வெளுத்துப் போச்சுங்க."

அவர் ஒரே ஒரு சொட்டு விட்டார். குடுவை முழுக்க ரோஸ் பரவியது. மதிப்பெண்ணைப் போட்டுக்கொண்டே சொன்னார், "நீ நிறுத்தின இடம் சரிதாம்மா."

அன்று என் கண் ஏன் சிவந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம், அமோனியா பாட்டிலைத் திறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்தேன்.