பத்தொன்பது இஞ்ச் ஆசையும் பின் சீட்டு அப்பாவும்

கார் வாங்குகிறவர் விழித்திருக்கும்போது மட்டும் யோசிக்கிறார், ரிம் மாற்ற நினைக்கிறவர் தூக்கத்திலும் யோசிக்கிறார். இந்த இரண்டாம் வகை ஆட்களோடு காலம் தள்ளுவதுதான் எங்கள் தொழில்.

பூச்சோங்கில் டயரும், ஸ்போர்ட் ரிம் என்கிற அலங்காரச் சக்கரமும் விற்கும் கடையில் கவுண்டரில் நிற்பவன் நான். பெயர் சேகர். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். சாப்பிடும்போது போனில் ரிம் படம் பார்ப்பார். கோயில் வாசலில் அடுத்தவர் கார் முன்னால் குனிந்து நிற்பார். பக்தி முற்றிவிட்டதோ என்று நினைப்பீர்கள், அவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவரோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதல்ல. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இவர்கள் மேல் கோபம் வருவதே இல்லை. ஒரு பொருளை இவ்வளவு ஆசையாக நினைத்து, அளந்து, கேட்டு, திரும்ப வந்து கேட்கிறவர்களை வேறு எந்தக் கடையில் பார்க்க முடியும்?

பின் சீட்டுக்கு ஆள் தேவை

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. புது ரிம் மாட்டியதும் சாவியைக் கொடுத்துவிட மாட்டோம். பின் சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, கடைக்குப் பின்னால் இருக்கும் தாமான் குடியிருப்பு ரோட்டில், வேகத்தடைகள் மேல் ஓட்டிப் பார்ப்போம். காலிக் காருக்கு எந்த ரிம்மும் பொருந்திவிடும். ஆள் ஏறி, கார் தணிந்து, மேட்டில் ஏறி இறங்கும்போதுதான் அகல டயர் மட்கார்டில் உரசும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை முதலில் நாங்கள் கேட்டுவிட வேண்டும். கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போகும் வழியில் வாடிக்கையாளர் கேட்கக் கூடாது.

ஆனால் மூன்று பேருக்கு எங்கே போவது? பஞ்சர் ஒட்ட வந்த சீன அங்கிள் உட்கார்ந்திருக்கிறார். தபால் கொடுக்க வந்தவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடைச் சமையல்காரர் கையில் கரண்டியோடு உட்கார்ந்திருக்கிறார். நிரந்தர ஆள் ஒருவர்தான், ரிம் மாட்டும் குமார் அண்ணன். பண்டமாரானிலிருந்து வருகிறார், நல்ல வாட்டசாட்டம். ஒருநாள் அவரையும் இன்னொருவரையும் ஏற்றிவிட்டு, "போதும், நீங்கதான் ரெண்டு ஆள் கணக்காச்சே" என்று சொல்லிவிட்டேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டே சொன்னார்: "ரெண்டு ஆள் சம்பளம் வேணாம் சேகர், ரெண்டு ஆள் மரியாதையாச்சும் கொடுலா."

வெளியே தள்ளினால்தான் அழகாம்

கிள்ளானிலிருந்து ஒரு தம்பி வந்தார். சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளியே தள்ளிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அவர் கட்டளை. "ரோடு பிளாக்ல போலீஸ் நிறுத்துவாங்க தம்பி, மழையில சேத்தை வாரி அடிக்கும்" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்பதாக இல்லை. நான் மாட்டித் தர மறுத்ததும் வேறு கடையில் மாட்டிக்கொண்டார். ஆனால் அவர் பெருமையைக் காட்ட ஆள் வேண்டுமே, அதற்கும் நம்மிடம்தான் வந்தார், மனைவியையும் கூட்டிக்கொண்டு.

பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. தோளை விரித்துக்கொண்டு நிற்கும் பயில்வான் மாதிரி இருந்தது. கொஞ்சம் முன்னால்தான் மழை விட்டிருந்தது. கதவிலிருந்து கண்ணாடி வரைக்கும் செம்மண் சேறு. அந்தத் தங்கச்சி மஞ்சள் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கியும் பாதிச் சேறு சேலைக்கு வந்துவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். புருஷன் முகத்தில் இருந்த பூரிப்பை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இவரு காரைக் கழுவறதே இல்ல அண்ணே, நான் இறங்கி ஏறினாலே சுத்தமாயிடுது."

ஷெரின் வைத்த நிபந்தனை

இனி நான் சொல்லப்போவது ஒரே காரைப் பற்றித்தான். என் மனதை விட்டுப் போகாத கார் அது. சாம்பல் நிற ஸ்போர்ட்ஸ் செடான், மேனுவல் கியர். ஓட்டி வந்தவர் ஷெரின். வீடு பிரிக்பீல்ட்ஸ், வேலை கிள்ளான் துறைமுகத்தில்; எந்தக் கண்டெய்னர் கப்பலில் எங்கே உட்கார வேண்டும் என்று திட்டம் போடுகிறவர். நான் வாயைத் திறக்கும் முன்பே ரிம் எவ்வளவு உள்ளே போகும், எவ்வளவு வெளியே வரும் என்ற கணக்கெல்லாம் சொல்லிவிட்டார். காரோடு வந்தது பதினெட்டு இஞ்ச். அவருக்கு வேண்டியது பத்தொன்பது, வெண்கல நிறம். கல்லூரிக் காலத்திலிருந்து இருக்கும் ஆசை.

கடமைக்கு நான் எச்சரித்தேன். சக்கரத்தின் வெளிச்சுற்று மாறக் கூடாது, மாறினால் மீட்டர் தப்பு வேகம் காட்டும். அதனால் ரிம் ஒரு இஞ்ச் வளர்ந்தால் ரப்பர் அந்த அளவுக்கு மெலியும். மெலிந்த ரப்பர் குழியைத் தாங்காது, உள்ளே இருப்பவர் முதுகுக்கு அனுப்பிவிடும். துறைமுக ரோட்டில் லோரிகள் போட்டிருக்கும் குழியோ ஊரறிந்தது. "எல்லாம் தெரியும் அண்ணே" என்றார். அவர் யோசனை வேறு. அவர் அப்பாவுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகிச் சில மாதம்தான் ஆகிறது. வாராவாரம் உடற்பயிற்சி சிகிச்சைக்கு இந்தக் காரில்தான் கூட்டிப்போகிறார். அப்பா உட்கார்ந்து பார்த்து, வலிக்கவில்லை என்று சொன்னால்தான் பத்தொன்பது. இல்லாவிட்டால் வேண்டாம். அவ்வளவு வருஷத்து ஆசையை ஒரே வரியில் எடுத்து வைத்தார்: "ஆசை என்னோடதுதான் அண்ணே, முதுகு அவரோடதுலா."

மெத்தை மாதிரி

சொன்னபடி சனிக்கிழமை அப்பாவோடு வந்தார். ஞானமுத்து அங்கிள், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பாவும் ரயில்வே, தாத்தாவும் ரயில்வே. சட்டையை உள்ளே விட்டு, தலையை வழித்துச் சீவி, பூசைக்குப் போகிறவர் மாதிரி நேராக நின்றார். நேராக நிற்பது ஆபரேஷனால் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. சோதனைக்கு வைத்திருக்கும் பத்தொன்பது இஞ்ச் ரிம்களைக் குமார் அண்ணன் மாட்டிக்கொண்டிருந்தார், ஷெரின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் மெதுவாகக் கவுண்டருக்கு வந்தார்.

"தம்பி, காலேஜ்ல படிக்கிறப்பவே இந்த ரிம் படத்தை அலமாரிக் கதவுல ஒட்டி வச்சிருந்தா. என் முதுகுக்காக அவ இதை விட்டுட்டான்னு தெரிஞ்சுதுன்னா, அப்புறம் அவ கார்ல நான் ஏறமாட்டேன். எல்.ஆர்.டி. ரயில் இருக்கு, போயிக்குவேன்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனால் செய்யக்கூடியவர் என்று முகத்திலேயே தெரிந்தது. இந்த முதுகோடு அந்தக் கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

ஷெரின் ஓட்டினார், நான் முன்னால், பின்னால் அங்கிளும் குமார் அண்ணனும். ஒவ்வொரு வேகத்தடையிலும் கார் தூக்கிப் போட்டது. டயர் எங்கும் உரசவில்லை. ஷெரின் ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் பார்த்து, "வலிக்குதாப்பா?" என்றார். அங்கிள் முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. கடைக்குத் திரும்பி இறங்கியதும் மகள் தோளைத் தட்டிச் சொன்னார்: "மெத்தையில உட்கார்ந்த மாதிரி இருக்கும்மா, மாட்டிடு."

குமார் அண்ணன் பார்த்தது

அங்கிளை நாற்காலியில் உட்காரவைத்து, பால் இல்லாத தே ஓ வாங்கிக் கொடுத்தேன். குமார் அண்ணன் என்னைக் கையைப் பிடித்து பேலன்சிங் மெஷினுக்குப் பின்னால் இழுத்துப்போனார். "அங்கிள் சீட்டுல உட்காரவே இல்ல சேகர். மேடு வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு கையையும் ஊனி எழும்பிட்டாரு. ஒண்ணு விடாம." வாழ்நாள் முழுக்கத் தண்டவாளத்தை எட்டிப் பார்த்து ஓட்டியவருக்கு எந்த மேடு எப்போது வரும் என்று தெரியாதா?

நல்ல வியாபாரம் கைக்கு வந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். முடியவில்லை. ஷெரினைக் கூப்பிட்டு, குமார் அண்ணன் பார்த்ததையும் அங்கிள் என்னிடம் சொன்னதையும் சொல்லிவிட்டேன். வெண்கல ரிம்மைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே கேட்டார், "அப்போ இத்தனை நாளா, இந்தப் பதினெட்டுலயும் அப்படித்தான் வந்தாரா?" ஷெரினுக்குக் கண் நிறைந்துவிட்டது, எனக்கும்தான்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வியை நான் இன்னும் வியந்துகொண்டிருக்கிறேன். "பதினேழு, முன் பிரேக்ல இடிக்காம ஏறுமா?" அந்தக் காருக்கு முன் பிரேக் பெரிது, சின்ன ரிம் உள்ளே முட்டும். குமார் அண்ணன் ஒரு பதினேழை எடுத்துவந்து மாட்டிச் சுற்றிப் பார்த்தார். ஒரு விரல் இடைவெளி இருந்தது. உடனே ஷெரின் திட்டம் போட்டுவிட்டார். அதே வெண்கல நிறம். கம்பிகள் விளிம்பு வரை ஓடும் மாடல், அதுதான் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். சுற்றிலும் தடித்த ரப்பர். ஒரு இஞ்ச் ஏற வந்தவர் ஒரு இஞ்ச் இறங்கினார், அதைச் சிரித்துக்கொண்டே செய்தார். கிளம்பும்போது எங்களுக்கு உத்தரவு: "அப்பா கேட்டா பத்தொன்பது, யாரு கேட்டாலும் பத்தொன்பது."

இரண்டாவது ஓட்டம்

ரிம் வந்து மாட்டிய அன்று வழக்கம்போலப் பின் சீட்டுச் சோதனை. அங்கிளுக்குப் பத்தொன்பது என்றே சொல்லியிருந்தோம். நான் முன் சீட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன், திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. மேடுகள் ஒவ்வொன்றாகப் போயின. ஷெரினும் கண்ணாடியைப் பார்க்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

கடைக்கு வந்து எல்லோரும் இறங்கினோம். குமார் அண்ணன் காரைச் சுற்றி வந்து, ஷெரின் காதில் மட்டும் விழும்படி சொன்னார்: "கையை மடியிலயே வச்சிருந்தாரு சிஸ்டர், பாதியில கொட்டாவி வேற விட்டாரு."

எல்.ஆர்.டி.க்குப் போகாதவர்

சில மாதம் கழித்து டயர்களை முன்பின் மாற்றிப் போட இருவரும் வந்தார்கள். ஷெரின் பக்கத்துக் கடைக்குச் சாப்பாடு கட்டி வாங்கப் போனார். அங்கிள் காரை ஒரு சுற்று சுற்றினார். ஒவ்வொரு சக்கரத்தையும் குனியாமல், குடைக்காம்பால் ஒரு தட்டு தட்டினார். பிறகு கவுண்டருக்கு வந்து, "தம்பி, இது எத்தனை இஞ்ச்?" என்றார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "பத்தொன்பது அங்கிள்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "டயர் ஓரத்துல பதினேழுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. மொத நாளே பார்த்துட்டேன். சக்கரத்தைச் சுத்திப் பார்க்காம நான் எந்த வண்டியிலயும் ஏறினது இல்ல." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் ஏறமாட்டேன் என்று சொன்னவராயிற்றே. அதற்குள் அவரே தொடர்ந்தார். "கோபமாத்தான் இருந்துச்சு. சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ஆனா அன்னிக்குச் சாயங்காலம் கார் பார்க்குல ஒரு துணியை வச்சுக்கிட்டு அந்த ரிம்மைத் தொடச்சா பாருங்க. அப்பாவை ஏமாத்திட்டோம்னு முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். அவ அம்மா போனதுக்கப்புறம் அந்த முகத்தை நான் பார்க்கல தம்பி. இப்பவும் தினமும் தொடைக்கிறா."

ஷெரின் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்துகொண்டிருந்தார். "ரிம் எப்படிப்பா இருக்கு?" என்று தூரத்திலிருந்தே கேட்டார். "பத்தொன்பதுக்கு ஈடு இல்லம்மா" என்றார் அங்கிள். பிறகு என் பக்கம் நெருங்கி, குரலைத் தணித்துச் சொன்னார்: "எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா சொன்ன சொல்லுக்கு நான் எல்.ஆர்.டி.யிலதான் போகணும், இப்பதான் தம்பி முதுகு சுகமா இருக்கு."

ஆக, சக்கரத்தின் அளவு டயரிலேயே எழுதியிருக்கிறது, காருக்குப் பொருந்துகிறதா என்பதை எங்கள் காது சொல்லிவிடுகிறது, வலிக்கிறதா என்று மட்டும் பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் கேட்காதீர்கள், அவர் கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.