சின்ன அறைக்கு அடித்த நீலம்

வீட்டு உள்ளலங்காரத் தொழிலில் சுவரைச் சமாளிப்பது சுலபம், சுவரைப் பார்க்க வருகிறவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. ஒரு தடவையாவது வீட்டுக்கு வண்ணம் அடித்து, டிவியைப் பழைய போர்வையால் மூடி, ஒரு வாரம் தூசியோடு சாப்பிட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே கட்சி.

அலமாரி செய்யும் கம்பெனி ஒன்றில் இருந்த வேலையை விட்டுவிட்டு நான் தனியாக எடுத்த முதல் வீடு பெங்களூர் பொம்மனஹள்ளியில். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். கல்பனா, செந்தில் என்ற தம்பதி. இருவருக்கும் கோபிசெட்டிபாளையம் பக்கம். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. கல்பனாவுக்கு அப்போது ஆறாம் மாதம். ஏழில் வளைகாப்பு, அதுவும் இந்த வீட்டிலேயே. அதற்குள் நான் முடித்தாக வேண்டும்.

பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு படத்தைக் கல்பனா பத்திரமாக வைத்திருந்தார். அதில் இருந்தது போலவே ஹாலுக்கு ரோஸ், திரைச்சீலைக்கு நீலம், குழந்தைகளின் சின்ன அறைக்கு முழுக்க இளநீலம் என்று முடிவாயிற்று.

ஓர் அங்குல ரோஸ்

ஷேட் கார்டில் ஓர் அங்குலக் கட்டத்தில் அடக்கமாக இருக்கும் நிறம், நாலு சுவரில் ஏறியதும் ஆர்ப்பாட்டம் செய்யும். கல்பனா தேர்ந்தெடுத்த ரோஸ் ஹாலில் பஞ்சுமிட்டாயாக மாறிவிட்டது. கலந்ததைக் கடையில் திருப்பி வாங்க மாட்டார்கள். பயந்துபோய், அடுத்த முறை கார்டிலேயே மிக வெளிறியதாகப் பார்த்து எடுத்தோம்.

அத்திபெலேயிலிருந்து மொபெட்டில் வரும் முனிரத்தினம்தான் என் பெயிண்டர். முப்பது வருஷமாகப் பெங்களூர்ச் சுவர்களைப் பார்த்தவர். ஒரு சுவரை முடித்து, பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இது ரோஸ் இல்ல மேடம். வெள்ளை கொஞ்சம் வெக்கப்பட்டுக்கீது, அஷ்டே, அவ்ளோதான்."

நாற்பத்திரண்டு பிழைகள்

செந்திலுக்கு ஆபீசில் வேலையே மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பதுதான். அந்தத் திறமையை அவர் ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஒரு சனிக்கிழமை டார்ச் லைட்டைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அறை அறையாக நடந்தார். திங்கட்கிழமை என் கையில் மூன்று பக்கப் பட்டியல் இருந்தது. சுவரில் பூசிய பட்டியைச் சரியாகத் தேய்க்காத இடம், பிரஷ் முடி ஒட்டிய இடம், சுவிட்ச் போர்டு ஓரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர்.

முனிரத்தினத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்தார். செந்தில் மறுபடி டார்ச்சோடு வந்தார். நிஜமாகவே மகிழ்ந்து என் கையைக் குலுக்கினார். "நாப்பத்திரண்டும் க்ளோஸ் ஆயிருச்சுங்க மேடம். சரி பண்ணுனதுல புதுசா வந்தது வெறும் பதினொண்ணுதான்."

போனில் நான் சொன்ன நீலம்

இனி வருவது என் தவறு. ஒருநாள் வீட்டில் யாருமில்லாதபோது போன் அடித்தது. கோபியிலிருந்து செந்திலின் அம்மா. வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தார். நானும் பெருமையாக, சின்ன அறைக்கு நீலம் அடிக்கிறோம், கல்பனாவின் விருப்பம் என்று சொல்லி வைத்தேன்.

இரண்டே நாளில் கோபி முழுக்கப் பையன் பிறக்கப் போகிறான் என்று பேச்சு. ஸ்கேனில் யாரோ ரகசியமாகச் சொல்லிவிட்டார்களாம், இல்லாவிட்டால் நீலம் ஏன் அடிக்கிறார்களாம். அத்தை, சித்தி, ஒன்றுவிட்ட நாத்தனார் என்று வரிசையாக வாழ்த்து. கல்பனாவுக்கு ஒன்றும் தெரியாது. அவருக்குப் பிடித்த நிறம் நீலம், அவ்வளவுதான். ஈரம் காயாத அந்த அறையில் நின்று அழுதுவிட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "முதல் பொண்ணுக்கே மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்ட சொந்தக்காரங்க மேடம். இப்ப இதுவும் பொண்ணாப் பொறந்தா, ஏமாத்திப்போட்டேன்னு சொல்லுவாங்க."

பாதிக்குப் பாதி

முழுக்க ரோஸாக மாற்றினால், பெண் என்று உறுதியாகிவிட்டது போல, பாவம் என்று பேசுவார்கள். ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன்: இரண்டு சுவர் நீலம், இரண்டு சுவர் ரோஸ். எந்த வாயும் எதையும் சொல்ல முடியாது. கல்பனாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றார்.

என் சாமர்த்தியத்தை முனிரத்தினத்திடம் விளக்கினேன். அவர் டப்பாவைக் கலக்கிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். "ரெண்டு கலர் அடிச்சா ரெட்டைப் புள்ளன்னு சொல்ல மாட்டாங்களா மேடம்?"

கோபியிலிருந்து வந்தவர்

வளைகாப்புக்கு மூன்று நாள் முன்னால் மாமியார் வந்து இறங்கினார். சின்ன அறையைப் பார்த்தார். ரோஸ் எதற்கு, முழுக்க நீலம் அடியுங்கள் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதல் வேலை என்பதால் வாயை மூடிக்கொண்டு முனிரத்தினத்தை மறுபடி ஏணி ஏற்றினேன். இதற்கிடையில் மாமியாரும் மருமகளும் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசினார்கள். வெளியே வந்த கல்பனா சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

வளைகாப்பன்று வந்த உறவுப் பெண்கள் நேராகச் சின்ன அறைக்குத்தான் போனார்கள். நீலத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அதன்பிறகு கல்பனாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு ஜோடி வளையலைப் பூட்டினார்கள், வாயில் இனிப்பை ஊட்டினார்கள். அத்தனை நிம்மதியாக அந்தப் பெண்ணை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தாங்க முடியாமல் மாமியாரைச் சமையலறையில் பிடித்து, நாளைக்குப் பெண் பிறந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டே விட்டேன். எலுமிச்சைச் சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தவர் குரலைத் தாழ்த்தினார். "ஸ்கேன்ல சொல்ல மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? பையன்னு ஊருக்குள்ள சொன்னதே நாந்தானுங்க. பெத்தெடுக்கற வரைக்குமாச்சும் இவங்க வாய் அவளைச் சும்மா விடட்டும். பொண்ணாப் பொறந்துச்சுன்னா, பெயிண்ட் அடிச்சவங்க தப்பா அடிச்சுப்போட்டாங்கன்னு சொல்லிக்கறனுங்க."

இரண்டரை மாதம் கழித்துக் கல்பனாவுக்குப் பெண் பிறந்தாள். பெயிண்ட் அடித்தவர்கள் தப்பாக அடித்துவிட்டார்கள் என்று மாமியார் சொன்னபடியே ஊருக்குச் சொல்லிவிட்டார். செய்யாமலே நான் சந்தோஷமாக ஒப்புக்கொண்ட தொழில் தவறு இதுவரை அது ஒன்றுதான்.